ஒட்டுப்போட்ட தவலை

எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஒரு மரச்சாமானைப் புகழ வேண்டுமென்றால் முதலில் வாயில் வருவது "ஒரே கட்டை" என்பதுதான். தஞ்சாவூர் வீணையில் குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் ஒரே பலாக்கட்டையில் குடைந்தெடுத்தால் அது ஏகாண்ட வீணை. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. இரண்டுக்கும் விலையிலும் மதிப்பிலும் வித்தியாசம் உண்டு. மிருதங்கக் கட்டை ஒரே மரம், தவிலும் அப்படியே. இங்கே திருவையாற்றில் அரசு இசைக்கல்லூரி இருப்பதால் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் மடியிலேயே ஒரு மிருதங்கம் உட்கார்ந்திருக்கும். தியாகராஜர் ஆராதனை நடக்கும் நாட்களில் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்ட ஊரில் 240 துண்டுகளை ஒட்டி ஒரு தவலை கடைந்தேன் என்றால் ஜனங்கள் எப்படிப் பார்ப்பார்கள்? "ஓ, ஒட்டா?" என்று கேட்டுவிட்டு டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

அந்த "ஓ, ஒட்டா?"வுக்கு நின்று பதில் சொல்ல யாரும் அவகாசம் தருவதில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் போகும்.

முதலில் சாமான் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நம் வீடுகளில் வெந்நீர் போடும் பித்தளைத் தவலை தெரியுமல்லவா, அதே உருவம். வயிறு அகன்று, கழுத்து சிறுத்து, வாய் விளிம்பு வெளியே மடங்கி இருக்கும். வயிற்றின் குறுக்களவு 40 செ.மீ., உயரம் 45 செ.மீ. 12 துண்டுகளை ஒட்டி ஒரு வளையம், அப்படி 20 வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி லேத்தில் ஏற்றிக் கடைந்தது. மஞ்சளாகத் தெரிவது பலா. நடுவில் கறுப்பும் சிவப்புமாக ஓடும் பட்டை பூவரசு. அடியில் தேக்கு. தேக்கு, இடித்த ஒரு பழைய வீட்டு உத்தரம். பூவரசு, வாய்க்கால் கரையில் காற்றில் சாய்ந்த மரம். பலா, பெரிய சாமானுக்கு ஆகாதென்று ஒதுக்கிப் போட்ட துண்டுகள்.

இதையே ஒரே கட்டையில் ஏன் கடையவில்லை? கேட்க எளிதான கேள்வி. பதில் மரத்துக்குள் இருக்கிறது.

மரம் காய்ந்தால் சுருங்கும், ஈரம் பட்டால் உப்பும். ஆனால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அல்ல. நீளவாட்டில் கிட்டத்தட்ட அசையவே அசையாது, ஆயிரத்துக்கு ஒன்றிரண்டு பங்குதான். நடுவிலிருந்து பட்டையை நோக்கிப் போகும் ஆரவாட்டில் கொஞ்சம் சுருங்கும். ஆண்டு வளையங்கள் ஓடும் சுற்றுவாட்டில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும். அதிகம் ஆடாத மரம் என்று பெயரெடுத்த தேக்கே பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது ஆரவாட்டில் சுமார் இரண்டரை விழுக்காடும் சுற்றுவாட்டில் சுமார் ஐந்து விழுக்காடும் சுருங்குகிறது. வெளிச்சுற்று சுருங்கப் பார்க்கிறது, உள்ளே இருக்கும் மரம் அந்த அளவுக்கு இடம் கொடுப்பதில்லை. அதனால்தான் அறுத்துப் போட்ட உருளைக் கட்டையில் நடுவிலிருந்து விளிம்புக்கு வெடிப்பு ஓடுகிறது. முழுக்கட்டையாக அப்படியே காயவிட்டால் பெரும்பாலும் வெடிக்கத்தான் செய்யும்.

"அப்படியானால் மிருதங்கம் எப்படி நிற்கிறது?" என்று கேட்பீர்கள். மிருதங்கத்துக்கு அடி கிடையாது. மரத்தின் நீளவாட்டிலேயே குடைந்து, வம்பு செய்யும் நடுப்பகுதியை முழுசாக வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சமிருப்பது இரண்டு பக்கமும் திறந்த குழல். சுருங்கினால் குழலாகவே சுருங்கிக்கொள்ளும். தவலைக்கு அடி வேண்டும். நடுப்புள்ளி அந்த அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெடிப்பு அங்கேதான் தொடங்கும்.

நடுப்புள்ளியைத் தவிர்த்து, மரத்தின் ஒரு பாதியிலிருந்து எடுக்கலாமே என்றால், இந்த அளவுத் தவலைக்கு ஒரு மீட்டர் குறுக்களவு உள்ள அடிமரம் தேவைப்படும். அப்படி ஒரு பலாவை வெட்டிக்கொண்டு வந்து தவலை கடைகிறேன் என்றால் வீட்டில் என்னைத்தான் முதலில் வெளியே போடுவார்கள். எடைக் கணக்கும் இருக்கிறது. 40க்கு 45 செ.மீ. உருளை என்றால் 56 லிட்டர் மரம். கனசென்டிமீட்டருக்கு 0.6 கிராம் என்று வைத்துக்கொண்டால் 34 கிலோ. அதை லேத்தில் மாட்டிச் சுற்றவிட்டு, முக்கால்வாசிக்கு மேல் சுருளாகவும் தூளாகவும் கீழே தள்ள வேண்டும். வளையம் வளையமாகக் கட்டினால் உள்ளே ஆரம்பத்திலிருந்தே வெற்றிடம். லேத்தில் ஏறும் எடை பாதிக்கும் கீழே.

இது ஏதோ அமெரிக்காவிலிருந்து வந்த வித்தை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். அங்கே இதைத் தனிக் கலையாகவே வளர்த்திருக்கிறார்கள், மால்கம் டிபெட்ஸ் என்பவர் தடிமனாக ஒரு புத்தகமே போட்டிருக்கிறார். ஆனால் முதல் வளையத்தை ஒட்டித் திண்ணையில் காயவைத்திருந்தபோது, ஒரு காலத்தில் மாட்டுவண்டிச் சக்கரம் செய்துகொண்டிருந்த எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் நின்று பார்த்தார்.

"என்ன தம்பி, வட்டை பண்றியா? ஆரக்கால் எங்க?"

"வட்டை மட்டுந்தாங்கய்யா. இதை அடுக்கி அடுக்கித் தவலையாக் கடையப்போறேன்."

"சரி. வட்டைக்கு இரும்புப் பட்டா இருக்கும். இத எது புடிச்சிக்கிட்டு இருக்கும்?"

இந்தக் கலையின் பாதி அந்த ஒரு கேள்விக்குள் அடங்கிவிட்டது. வண்டிச் சக்கரத்தின் வெளிவட்டம் ஒரே மரம் கிடையாது. வளைவாக அறுத்த வட்டைத் துண்டுகளை வரிசையாகச் சேர்த்ததுதான். ஒவ்வொரு துண்டிலும் மரத்தின் நீளவாட்டு வட்டத்தின் ஓட்டத்தோடு போகும். மரம் அசையாத திசை அது. அதனால் சக்கரத்தின் சுற்றளவு மழைக்கும் வெயிலுக்கும் பெரிதாக மாறாது. இரும்புப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி மாட்டித் தண்ணீர் ஊற்றினால் அது சுருங்கி, துண்டுகளையும் ஆரக்கால்களையும் ஒன்றாக இறுக்கிவிடும். டெல்டாவின் நெல் முழுக்க ஒரு காலத்தில் இந்த ஒட்டுகளின் மேல்தான் களத்திலிருந்து வீட்டுக்கும் மண்டிக்கும் போனது. அதை யாரும் "ஓ, ஒட்டா?" என்று கேட்டதில்லை.

என் தவலைக்குப் பட்டா கிடையாது. எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு வருகிறேன். அதற்கு முன் அறுப்பு.

12 துண்டுகள் சேர்ந்து 360 பாகை. ஒவ்வொரு துண்டுக்கும் 30 பாகை, இரண்டு முனைகளிலும் 15 பாகைச் சாய்வு. கணக்கு இவ்வளவுதான். 40 செ.மீ. வளையத்துக்கு ஒரு துண்டின் வெளிப்பக்க நீளம் சுமார் 10.7 செ.மீ. ஐந்து செ.மீ. அகலப் பலகையை இப்படியும் அப்படியும் புரட்டிப் புரட்டி அறுத்தால் ஒரு வளையத்துக்கு 1.2 மீட்டர் பலகை போதும். காகிதத்தில் எல்லாம் அழகு. ரம்பத்தில்தான் விஷயம். 12 துண்டு என்றால் 24 அறுத்த முகங்கள். ஒவ்வொரு முகத்திலும் பாகையில் பத்தில் ஒரு பங்கு பிசகு என்று வையுங்கள், கண்ணுக்குத் தெரியாது, அளவுகோலுக்கும் சிக்காது. கடைசித் துண்டை வைக்கும்போது 24 பிசகும் ஒன்றாகச் சேர்ந்து 2.4 பாகை ஆகும். வெளிவிளிம்பில் அது 8 மி.மீ. இடைவெளி. சுண்டுவிரல் நுழையப் பார்க்கும்.

இதற்கு விலை உயர்ந்த ரம்பம் வாங்கத் தேவையில்லை, ஒரு குறுக்குவழி இருக்கிறது. வளையத்தை ஒரே மூச்சில் ஒட்டாமல் ஆறு ஆறு துண்டாக இரண்டு அரைவட்டமாக ஒட்ட வேண்டும். காய்ந்த பிறகு ஒவ்வொரு அரைவட்டத்தின் இரண்டு முனைகளையும் ஒரே தளத்தில் வைத்து உப்புத்தாளில் தேய்த்தால், சேர்ந்திருந்த பிசகு முழுவதும் அந்த இரண்டு முனைகளிலேயே தீர்ந்துவிடும். பிறகு இரண்டு பாதியும் சந்து இல்லாமல் பொருந்தும். இறுக்குவதற்குப் பழைய சைக்கிள் டியூபை நீளமாகக் கீறி வளையத்தைச் சுற்றி இழுத்துக் கட்டினால் போதும். எல்லாப் பக்கமும் சமமாக இறுக்கும், மரத்தில் தழும்பும் விழாது.

தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்ட துணியால் முகத்தைத் துடைத்தால்தான் பசை பிடிக்கும். பழைய வீட்டு மரம் என்றால் அறுப்பதற்கு முன் ஒரு காந்தத்தை மேலே ஓட்டிப் பாருங்கள். அந்தக் காலத்து ஆணி தலை போய் உள்ளே ஒளிந்திருக்கும். ஆனால் அந்த மரத்தைப் போலக் காய்ந்த மரம் இன்றைக்குக் காசு கொடுத்தாலும் கிடைக்காது. நரசிங்கம்பேட்டையில் நாகசுரம் செய்பவர்கள் பழைய வீடுகளில் கிடக்கும் ஆச்சா மரத்தைத் தேடிப் போவது இதற்காகத்தான். பல பத்தாண்டு ஆடி அடங்கிய மரம் இனிமேல் அதிகம் ஆடாது. அந்த நாகசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதிலும் குழலான உலவு ஒரு கட்டை, கீழே விரியும் அணசு இன்னொரு கட்டை என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன்.

இப்போது பெரியவர் கேட்ட கேள்வி. மரத்தின் முனையும் முனையும் முட்டும் இடத்தில் பசை பலமாகப் பிடிக்காது. முனை பசையைக் குடித்துவிடும். ஆகவே ஒரு தனி வளையத்தைக் கையில் எடுத்து மடக்கினால் இணைப்பில் பட்டென்று விட்டுவிடும். வலு வேறிடத்தில் இருக்கிறது. ஒரு வளையத்தின் மேல் அடுத்த வளையத்தை வைக்கும்போது, சுவருக்குச் செங்கல் அடுக்குவதைப் போல அரைத் துண்டு தள்ளி, அதாவது 15 பாகை திருப்பி வைக்கிறோம். கீழ் வளையத்தின் ஒவ்வொரு இணைப்பின் மேலும் மேல் வளையத்தின் முழுத்துண்டு ஒன்று குறுக்கே படுத்துக்கொள்ளும். முகத்தோடு முகம் ஒட்டும் அந்த ஒட்டில் மரம் நீளவாட்டில் இருப்பதால், நல்ல வெள்ளைப் பசை மரத்தைவிட உறுதியாகப் பிடிக்கும். ஆக, ஒவ்வொரு வளையத்துக்கும் மேலே இருப்பதும் கீழே இருப்பதும்தான் பட்டா. இதை விளக்கியபோது பெரியவர் தலையை ஆட்டிவிட்டு, "அப்ப மேலயும் கீழயும் மட்டம் சரியா இருக்கணுமே" என்றார். அதுவேதான். வளையத்தின் இரண்டு முகங்களும் கண்ணாடிபோல மட்டமாக இல்லாவிட்டால் மற்ற எல்லாமே வீண். ஒவ்வொரு வளையத்தையும் லேத்தில் சுற்றவிட்டு, உப்புத்தாள் ஒட்டிய தட்டைப் பலகையை அதன் முகத்தில் சேர்த்துப் பிடித்து மட்டம் செய்த பிறகே அடுத்ததை ஏற்றலாம்.

லேத் கட்டில்கால் கடைந்த பழைய லேத். நம் ஊர்க் கடைசல் பட்டறைகளில் இருப்பதெல்லாம் நீளம் போதும், உயரம் போதாது என்ற வகை. கட்டில்காலும் ஊஞ்சல்காலும் நீளமானவை, ஒல்லியானவை. 40 செ.மீ. வயிறு சுற்ற வேண்டுமென்றால் மையத்திலிருந்து கீழ்ச்சட்டம் வரை 20 செ.மீ.க்கு மேல் இடம் வேண்டும். தலைப்பகுதிக்கும் வால்பகுதிக்கும் உளி சார்த்தும் சட்டத்துக்கும் அடியில் இரும்புக்கட்டை கொடுத்து உயர்த்தித்தான் வேலை நடந்தது. தெரிந்த லேத் பட்டறையில் சொல்லிச் செய்துகொள்ளுங்கள், வீட்டில் கிடக்கும் மரத்துண்டைச் செருகி உயர்த்தாதீர்கள்.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும். சாமானின் குறுக்களவை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் 6,000க்கும் 9,000க்கும் இடையே வர வேண்டும் என்பது கடைசல்காரர்கள் கைக்கொள்ளும் விதி. 16 அங்குலத் தவலைக்கு நிமிடத்துக்கு 375 முதல் 560 சுற்று. மெதுவாகத் தோன்றும். 500 சுற்றில் அந்த வயிற்றின் விளிம்பு மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு துண்டு விட்டால் அது அந்த வேகத்தில்தான் வரும். ஆகவே முகம் முழுவதும் மறைக்கும் கவசம் கட்டாயம். சுவிட்ச் போடும்போது சாமானுக்கு நேரே நிற்கவே கூடாது. முதலில் குறைந்த வேகத்தில் மேடு பள்ளம் போகும்வரை ஓட்டி, சாமான் சமநிலைக்கு வந்த பிறகு கூட்டலாம். வேட்டியோடு லேத்தில் நிற்பதைப் பற்றி நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

தவலைக்கு வாய் சிறியது, வயிறு பெரியது. உள்ளே உளி எப்படிப் போகும்? போகாது. அதனால் வயிற்றின் அகன்ற இடத்தில் இரண்டாகப் பிரித்து, கீழ்ப்பாதி ஒரு கிண்ணமாகவும் மேல்பாதி ஒரு கிண்ணமாகவும் தனித்தனியாகக் கட்டி, இரண்டின் உள்பக்கத்தையும் கடைந்து முடித்துவிட வேண்டும். பிறகு லேத்தின் இரு முனைகளையும் கிடுக்கியாக வைத்து இரண்டையும் ஒட்டி, வெளிப்பக்கத்தை ஒரே ஓட்டமாகக் கடைய வேண்டும். சுவர் கனம் 8 மி.மீ. இந்த இடத்தில் கண்ணைவிடக் காது உதவும். உளி மரத்தைச் சீவும் சத்தம் சுவர் மெலிய மெலிய மாறிக்கொண்டே வரும். மாறுகிறதே என்று தோன்றினால் உடனே நிறுத்திவிட்டுக் கனம் அளக்கும் கவராயத்தை எடுப்பது நல்லது.

பலா கடையும்போது வரும் தூள் நல்ல மஞ்சள். இலங்கையிலும் பர்மாவிலும் பௌத்தத் துறவிகளின் ஆடைக்குச் சாயம் எடுத்தது இந்தப் பலா வைரத்தைக் கொதிக்க வைத்துத்தான். என் வேட்டி துண்டெல்லாம் துறவு வாங்கிவிட்டன. முகமூடி இல்லாமல் நிற்காதீர்கள், சளியும் மஞ்சளாகத்தான் வரும்.

அடிப்பகுதிக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. வண்டிச் சக்கரத்தைப் போலவே வளையங்களும் சுற்றளவில் பெரிதாக அசையாது. அடியில் வைக்கும் வட்டப் பலகை அப்படியில்லை. அது சாதாரணப் பலகை, குறுக்குவாட்டில் அசையும். ஐப்பசி கார்த்திகை மழையில் மரத்தின் ஈரம் பதினாறு விழுக்காடு வரை போகும், கத்திரி வெயிலில் பன்னிரண்டுக்கும் கீழே வரும். 20 செ.மீ. அகலப் பலகை அந்த வித்தியாசத்துக்கு ஒரு மி.மீட்டருக்கு மேல் விரிந்து சுருங்கும். அதை வளையத்தோடு அழுத்தமாக ஒட்டிவிட்டால், பலகை வளையத்தைப் பிளக்கும், அல்லது வளையம் பலகையைப் பிளக்கும். டெல்டாவில் ஒரு மழைக்காலம் போதும் இதைத் தெரிந்துகொள்ள. வளையத்தின் உள்பக்கம் ஒரு காடி வெட்டி, பலகையை அதில் பசையில்லாமல், சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு உட்கார வைப்பதே சரி. பழைய பெட்டிக் கதவுகளில் நடுப்பலகை சட்டத்துக்குள் பசையில்லாமல் நிற்பது இதே காரணத்துக்காகத்தான்.

மெருகுக்கு அரக்கு. கர்நாடகத்துச் சென்னபட்டணப் பொம்மைக்காரர்கள் செய்வதுபோல அரக்குக் குச்சியைச் சுற்றும் மரத்தில் அழுத்திப் பிடித்தால், உராயும் சூட்டிலேயே இளகிப் படியும். பிறகு தாழை மடலால் தேய்த்தால் பளபளப்பு. சின்னச் சாமானுக்கு இது கைவந்த வேலை. இவ்வளவு பெரிய வயிற்றுக்குத் திட்டுத்திட்டாகப் போய்விடும் என்பதால் சாராயத்தில் கரைத்த அரக்கைத் துணியில் தொட்டு மெல்லிசாகப் பல கோட்டிங் கொடுப்பது நல்லது. இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பலாவின் மஞ்சள் வெளிச்சம் பட்டுப்பட்டு சில வருஷத்தில் தேன்நிறப் பழுப்பாகிவிடும். இன்றைக்கு மஞ்சளையும் கறுப்பையும் பக்கத்தில் வைத்து டிசைன் போட்டால் அந்த எடுப்பு அப்படியே நிற்காது. பூவரசு போதுமான இருட்டு என்பதால் தப்பித்துக்கொள்ளும். தேக்கையும் பலாவையும் மட்டும் வைத்துக் கோலம் போட்டவர்களுக்குப் பிற்பாடு கோலத்தைத் தேட வேண்டியிருக்கும்.

இதில் தண்ணீர் பிடிக்கலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கூடாது. அதற்குத்தான் பித்தளை இருக்கிறதே.

ஒரே கட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வீணையில் தந்தியின் அதிர்வு தண்டி வழியாகக் குடத்துக்குப் போக வேண்டும். வழியில் இணைப்பு இல்லாமல் இருப்பதை வித்வான்கள் விரும்புவதற்கு நியாயம் உண்டு. 2013இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு வாங்கியபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் வீணைக்குரிய மதிப்பீட்டை முக்காலிக்கும் பெட்டிக்கும் தவலைக்கும் தூக்கிக்கொண்டு வருவதில் எனக்குச் சம்மதமில்லை. பாத்திரம் பாடப்போவதில்லை. அது வெடிக்காமல், கோணாமல், வட்டம் வட்டமாகவே இருக்க வேண்டும். அந்த வேலைக்கு, மரத்தின் ஓட்டம் பார்த்துச் சேர்த்த ஒட்டு, ஒரே கட்டையை ஜெயிக்கும். ஒரே கட்டைக்குக் கொடுத்து வைத்த மரம் வேண்டும். ஒட்டுக்கு மரத்தின் சுபாவம் தெரிந்த ஆள் வேண்டும். எதற்கு அதிகம் கூலி என்று நீங்களே சொல்லுங்கள்.

கஜா புயல் 2018 நவம்பரில் அடித்தபோது பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கமும் ஆலங்குடிப் பக்கமும் சாய்ந்த பலாவும் தேக்கும் கொஞ்சமல்ல. பெரிய அடிமரங்களுக்கு ஆள் வந்தது. முறிந்ததும் முறுக்கிக்கொண்டதும் கிளையும் விறகாகப் போயின. 10 செ.மீ. நேர்த்துண்டு கிடைக்கிற எந்தக் கிளையும் இந்த வேலைக்கு உதவும் என்பது தெரிந்திருந்தால் எவ்வளவோ மிஞ்சியிருக்கும். ஆகவே உங்கள் வீட்டில் பழைய கதவோ உத்தரமோ இடிபட்டால், சாய்ந்த பூவரசு இருந்தால், அடுப்புக்குப் போகும் முன் கைச்சாண் நீளத் துண்டுகளை எடுத்து நிழலில் அடுக்கி வையுங்கள். லேத் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. 15 பாகையில் 12 துண்டு அறுத்து, இரண்டு அரைவட்டமாக ஒட்டி, ஒரு வளையம் செய்து பாருங்கள். சந்து இல்லாமல் அது மூடிக்கொண்டால் உங்களுக்கு இந்தக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று அர்த்தம். துண்டுகளைச் சரியான சாய்வில் அறுக்க உதவும் சட்டத்தை எப்படிக் கட்டுவது என்பதை அடுத்த பதிவில் படம் போட்டு எழுதுகிறேன்.